தேதியை மறைத்த பெருவிரல்

என் மேசை இழுப்பறையில் ஒரு பழைய பட்டன் போன் கிடக்கிறது. திரையின் இடது மூலையில் ஒரு விரிசல். ஐந்தும் எட்டும் தேய்ந்து வெறும் ரப்பராகிவிட்டன. சிம் இல்லாத அந்தப் போனுக்கு ஐப்பசி பிறந்ததும் மறக்காமல் சார்ஜ் ஏற்றி, வேலை செய்கிறதா என்று பார்த்து மறுபடியும் உள்ளே வைப்பேன். அலுவலகத்தில் இதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்தப் போன், அப்புத்தளைக்குக் கீழே சரிவில் இருக்கிற ஒரு தேயிலைத் தோட்டத்தின் நலன்புரி அதிகாரியுடையது. தோட்டத்தில் எல்லோருக்கும் அவர் ‘வெல்பெயார் மிஸ்’. தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்தில் கூரை ஒழுகினாலும், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும், தண்ணீர்க் குழாய் உடைந்தாலும் முதலில் அவரைத்தான் தேடுவார்கள். எனக்கும் அவர் மிஸ்தான்.

என்னைப் பற்றி ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பயந்தாங்கொள்ளி. லயத்தில் பிறந்து, படித்து, பதுளை நகரத்தில் ஒரு தோட்டக் கம்பனியின் பிராந்திய அலுவலகத்தில் கணினிப் பிரிவுக்கு வந்து சேர்ந்தவன். இங்கிலீஷில் வேகமாகப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பயம். கொழும்புத் தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தால் எழுந்து நின்று பேசுவேன். எதிரே ஆள் இல்லையே, ஏன் நிற்கிறாய் என்று கூட இருப்பவர்கள் கேலி செய்வார்கள். உட்கார்ந்து பேசினால் குரல் நடுங்கும், நின்று பேசினால் கொஞ்சம் குறைவாக நடுங்கும், அவ்வளவுதான் காரணம்.

எங்கள் கம்பனியின் எல்லாத் தோட்டங்களும் ஒரே கணினி அமைப்பில் இணைந்தவை. கொழுந்து நிறுவைக்கு ஒரு மென்பொருள் பெக்கேஜ், ஆள்வரவுக்கு ஒன்று, உரத்துக்கு ஒன்று, லயங்களின் பதிவுக்கு ஒன்று, மழைப் பதிவுக்கு ஒன்று. ஒரு பெக்கேஜுக்குப் புதிய பதிப்பு வந்தால் பழைய பதிப்பு தானாகப் போய்விடாது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். சில தோட்டங்கள் புதியதைத் திறக்கும், சில பழையதிலேயே ஓடிக்கொண்டிருக்கும். இப்படியே வருடக்கணக்காகச் சேர்ந்தால் அமைப்பு மூச்சு வாங்க ஆரம்பிக்கும். காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக்களத்தில் கங்காணி பேர் கூப்பிட்டு முடிந்த பிறகும் ஆள்வரவுத் திரை சுற்றிக்கொண்டே நிற்கும். அதனால் பழைய பதிப்புகளைப் பொறுக்கி எடுத்து அழிக்கச் சொல்லி அந்த ஆவணியில் கொழும்பிலிருந்து உத்தரவு வந்தது. விதி மிக எளிமையானது. தொண்ணூறு நாளாக யாரும் திறக்காத பதிப்பு பழையது; பழையதை அழி.

அதே மாதத்தில்தான் எல்லாத் தோட்டத்து நலன்புரி அதிகாரிகளையும் பதுளைக்கு வரவழைத்து லயப் பதிவைக் கணினியில் எப்படிச் செய்வது என்று காட்டினோம். இடைவேளையில் மிஸ் தன் போனை என்னிடம் நீட்டி, எழுத்தைப் பெரிதாக்கித் தரச் சொன்னார். திறந்து பார்த்தால் உள்ளே ஒரே செய்திக் குவியல். அத்தனையும் எங்கள் அமைப்பிலிருந்து போன மழை எச்சரிக்கைகள். மூன்று மழைக்காலத்துச் செய்திகள், எல்லாமே ஒரே வாசகம்: ‘மழை எல்லை தாண்டியது. கீழ் லயத்தவரைப் பாடசாலைக்கு அனுப்பவும்.’

“மிஸ், இது போனா, பழைய பேப்பர் கடையா? எல்லாத்தையும் அழிச்சுத் தரவா?” என்றேன்.

அவர் வெடுக்கென்று போனைப் பிடுங்கிக்கொண்டார். “இருந்துட்டுப் போகட்டும் தம்பி. அது பாட்டுக்குக் கெடக்கு, யாரக் கடிக்குது?”

அந்தத் தோட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கீழ் லயம் என்பது இரண்டு வரிசை வீடுகள். பின்னால் செங்குத்தாக மலை. மலையில் வெடிப்பு இருக்கிறது, இங்கே குடியிருக்கக் கூடாது என்று அதிகாரிகள் வந்து பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். மாற்று வீடு மட்டும் வரவில்லை. அதனால் எனக்கு முன்பு இந்த வேலையில் இருந்தவர், வெளிநாடு போவதற்கு முன்னால், மழைப் பதிவு பெக்கேஜின் அப்போதைய பதிப்புக்குள் ஒரு சின்ன வேலை செய்து வைத்தார். காலை ஏழு மணிக்குத் தோட்ட அலுவலகத்துக் கிளாக்கர் மழைமானியைப் பார்த்து அளவைக் கணினியில் போடுவார். அளவு எல்லையைத் தாண்டினால் மிஸ்ஸின் போனுக்குச் செய்தி போகும். மிஸ் லயத்துக்குப் போய்ப் போனைத் தூக்கிக் காட்டுவார். தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாக வாசிப்பார். அதன் பிறகுதான் சனம் மூட்டை கட்டும். இது அங்கே ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. மிஸ் வாயால் சொன்னால் போக மாட்டார்கள். எத்தனையோ பேர் வந்து எத்தனையோ தடவை வாயால் சொல்லிவிட்டுப் போனதைக் கேட்டவர்கள் அவர்கள். செய்தி வந்தால் போவார்கள்.

அழிக்க வேண்டிய பதிப்புகளின் பட்டியல் என் திரையில் வந்தபோது அதில் மழைப் பதிவின் அந்தப் பழைய பதிப்பும் இருந்தது. கடைசியாகத் திறந்து தொண்ணூறு நாளுக்கு மேல் ஆகிவிட்டது என்று பக்கத்தில் சிவப்பு எழுத்து. நான் இந்த ஊவா மலைப்பக்கத்தில் பிறந்தவன். கொழும்புப் பக்கம் மழை கொட்டுகிற வைகாசியில் எங்கள் பக்கம் வறண்ட கச்சான் காற்று அடிக்கத் தொடங்கும், ஆவணி முடியும்வரை வானம் ஒரு சொட்டுக் கொடுக்காது, மழை இல்லாத நாளில் எந்தக் கிளாக்கரும் மழைத் திரையைத் திறக்க மாட்டார், கையேட்டில் ஒரு கோடு கிழித்துவிட்டுப் போய்விடுவார் என்பதெல்லாம் எனக்குத் தெரியாததா? கொழும்பில் உட்கார்ந்து தொண்ணூறு நாள் என்று விதி எழுதியவருக்குத் தெரியாமல் இருக்கலாம். என் அம்மா அந்த மாதங்களில் மலை ஊற்றின் பீலித் தண்ணீருக்கு வரிசையில் நின்றவர். எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த நேரத்தில் அது என் மண்டையில் ஏறவில்லை.

அழிப்பதற்கு முதல் நாள் மிஸ் போன் பண்ணினார். “தம்பி, பழசெல்லாம் அழிக்கிறீங்களாம், கிளாக்கரு சொன்னாரு. மழ மெசேஜுக்கு ஒண்ணும் ஆகாதில்ல?”

அடுத்த மேசைத் தொலைபேசியில் கொழும்பு உதவி முகாமையாளர் காத்திருந்தார். பட்டியல் ஏன் இன்னும் முடியவில்லை என்று கேட்பதற்காக. என் கண் அந்தத் தொலைபேசி மீதே இருந்தது. “ஒண்ணும் ஆகாது மிஸ். புதுசுல எல்லாம் இருக்கு,” என்றேன். புதியதைத் திறந்து பார்க்கவில்லை. அதில் எச்சரிக்கை இருக்கிறதா என்று யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால், இதுகூடத் தெரியாதா என்று நினைப்பார்களே என்று பயம். அவரிடம் பொய் சொல்கிறோம் என்றும் அப்போது தோன்றவில்லை. ஒரு மனிதரைச் சீக்கிரம் போனை வைக்கச் செய்வதற்காகச் சொன்ன வார்த்தை அது. மறுநாள் காலை தேநீருக்கு முன்னால் ஒவ்வொன்றாகக் குறியிட்டு, ‘நிச்சயமாக நீக்கவா?’ என்று கேட்ட பெட்டியில் ஆம் என்று அழுத்தினேன். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. ஆள்வரவுத் திரை சட்டென்று திறக்கிறது என்று தோட்டங்களிலிருந்து பாராட்டு வந்தது. நானும் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டேன்.

ஐப்பசியில் சிறு மழை. கிளாக்கர் திரையைத் திறந்தபோது அமைப்பு தானாகவே புதிய பதிப்பைக் காட்டியது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். எல்லையைத் தாண்டும் அளவுக்கு மழை இல்லாததால், செய்தி வராதது யாருக்கும் சந்தேகத்தைத் தரவில்லை. கார்த்திகையில் வானம் பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடாமல் அடித்தது. நான்காம் நாள் காலை ஒன்பது மணிக்கு நான் அலுவலகத்தில் ஈரக் காலுறையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, எந்தத் தோட்டத்தில் எவ்வளவு என்று பார்க்க மழைத் திரையைத் திறந்தேன். அந்தத் தோட்டத்தின் அளவு எல்லை தாண்டியிருந்ததைப் பார்த்ததும், மிஸ்ஸுக்குச் செய்தி போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். சும்மா ஒரு திருப்திக்காக, அனுப்பிய செய்திகளின் பட்டியலைத் திறந்தேன்.

வெறுமையாக இருந்தது. அன்றைக்கு மட்டும் இல்லை, அந்த மாதத்துக்கே இல்லை. கடைசிச் செய்தி போன வருடத்து மார்கழியில் போயிருந்தது. எழுந்து நின்றேன். யாரும் போன் பண்ணாமலே எழுந்து நின்றேன்.

மிஸ்ஸின் போன் கிடைக்கவில்லை. கிளாக்கருடையதும் இல்லை. தோட்டத்து அலுவலகத் தொலைபேசி ஒரு தடவை அடித்துப் பிறகு செத்துப்போயிற்று. என் போனிலிருந்தே அந்த வாசகத்தை அப்படியே எழுதி அனுப்பினேன். போகவில்லை என்று திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினேன். மறுபடி வந்தது. பக்கத்து மேசைக்காரர் என்ன விஷயம் என்று கேட்டார். வயிற்று வலி என்று சொல்லிவிட்டுக் காலுறை இல்லாமல் சப்பாத்தை மாட்டிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு ஓடினேன். “பண்டாரவளை வரைக்குந்தான். அதுக்கங்கிட்டு ரோட்டுல மண்ணு,” என்றார் நடத்துநர். ஏறிக்கொண்டேன். வழியெல்லாம் சரிவுகளில் சேற்றுத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் அந்த இரண்டு வரிசை வீடுகள் கண்ணில் வந்தன. அங்கே யார் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் லயப் பதிவைச் சரிபார்த்தவன் நான். வீட்டு எண், பேர், வயது. இரண்டு வயதுப் பிள்ளைகள் மூன்று பேர். எண்பதைத் தாண்டிய ஒருவர், நடக்க முடியாதவர். அந்தப் பட்டியல் எனக்கு மனப்பாடமாக இருந்ததை அன்றுதான் கண்டுபிடித்தேன். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். அந்தக் கனத்தோடு ஒன்றரை மணி நேரம் அந்தப் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன்.

பண்டாரவளையில் இறங்கி அதற்கு மேல் போக வழியில்லாமல் ஒரு பலசரக்குக் கடை வாசலில் நின்றேன். கடைக்காரர் முஸ்லிம் பெரியவர். என் முகத்தைப் பார்த்து உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, தன் போனையும் கொடுத்தார். “ஒங்கட ஆக்கள் யாரும் அங்க இருக்காங்களா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். எத்தனை பேர் என்று கேட்டார். எழுபத்தொரு பேர் என்றேன். இரண்டு போனிலும் மாறி மாறி அடித்துக்கொண்டே இருந்தேன். மத்தியானம் மூன்று மணி சுமாருக்குக் கிளாக்கர் கிடைத்தார்.

“கீழ் லயம் போச்சு தம்பி. பின்வரிசை பூராவும் மண்ணுக்குள்ள.”

“ஆளுங்க?” என்று கேட்டேன்.

“ஆளுங்களா? எல்லாரும் ஸ்கூல்ல இருக்காங்க. காலையிலயே மிஸ் வந்து மெசேஜக் காட்டிக் கெளப்பிட்டாங்களே. ரெண்டு ஆடுதான் போச்சு.”

நான் கடைக்காரருடைய அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன். அழுது முடிந்து முகத்தைத் துடைக்கும்போதுதான் கிளாக்கர் சொன்னது உறைத்தது. மெசேஜைக் காட்டி. எந்த மெசேஜை?

பத்து நாள் கழித்து, பாதை திறந்ததும் மிஸ் பதுளைக்கு வந்தார். அதற்குள் வேறொன்று நடந்துவிட்டது. எச்சரிக்கைச் செய்தி எழுபத்தொரு உயிரைக் காப்பாற்றியது என்று தோட்ட முகாமையாளரான துரை கொழும்புக்கு எழுத, கொழும்பு மகிழ்ந்து, அந்த அமைப்பு எப்படி வேலை செய்தது என்று ஒரு பக்கம் எழுதி அனுப்பும்படி என்னிடம் கேட்டிருந்தது. அந்தக் கடிதம் என் மேசையில் இருந்தது. நான் ஒரு வரியும் எழுதவில்லை. எழுதாமல் விட்டால் எல்லோரும் மறந்துவிடுவார்கள், பழைய பதிப்பைக் காப்புப் பிரதியிலிருந்து யாரையும் கேட்காமல் எடுத்துப் போட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். கொழும்பின் கையெழுத்து இல்லாமல் அதைத் தொடக்கூட முடியாது என்பது எனக்கே தெரியும். பூனை கண்ணை மூடிக்கொண்ட கதைதான்.

மிஸ் எதிரே உட்கார்ந்து போனை மேசையில் வைத்தார். செய்தி திறந்திருந்தது. மேல் மூலையில் போன வருடத்து மார்கழித் தேதி.

“விடியக்காத்தால இருந்து போனையே பாத்துக்கிட்டு இருந்தேன் தம்பி. இந்த மழைக்கு வராம எந்த மழைக்கு வரப்போகுது? நீங்க வரும்னு சொன்னீங்க, அதனால எட்டு மணி வரைக்கும் பொறுத்தேன். பொறவு கீழ எறங்கிட்டேன். மல பின்னால சத்தம் கேக்குது, கல்லு உருள்ற மாதிரி. எந்திரிங்க, போவோம்னா ஒருத்தரும் அசையல. மெசேஜு வந்துச்சா மிஸ்ங்கிறாரு தலைவரு. காட்டுங்கங்கிறாரு.” அவர் போனைக் கையில் எடுத்துப் பிடித்துக் காட்டினார். பெருவிரல் சரியாகத் தேதியின் மேல் உட்கார்ந்தது. “இப்புடித்தான் காட்டினேன். அவரு கண்ணாடியப் போட்டுக்கிட்டு வாசிக்கிறாரு. வெரல எடுங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தாருன்னா அன்னைக்கு அவ்வளவுதான்.”

எட்டு மணி வரைக்கும் பொறுத்தேன் என்று அவர் சொன்னது இன்றைக்கும் என்னை விடவில்லை. நான் சொன்ன ஒரு வார்த்தைக்காக ஒரு மணி நேரம் அந்த மலைக்குக் கீழே எழுபத்தொரு பேர் இருந்திருக்கிறார்கள். மண் பத்தரை மணிக்கு வந்தது. எட்டு மணிக்கே வந்திருந்தால்?

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அழித்தது நான்தான், பார்க்காமல் சொன்னதும் நான்தான் என்றேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் என் மேசையில் கிடந்த கொழும்புக் கடிதத்தை என் பக்கம் தள்ளினார். பிறகு, “மேல எழுதிப் போடுங்க,” என்றார்.

“எழுதினா நீங்க காட்டினது பொய்னு தெரிஞ்சிரும் மிஸ். ஒங்களுக்கும் பிரச்சினை.”

“தெரியட்டும். இன்னும் மார்கழி மழை இருக்கு. முன்வரிசையில ஆளுங்க திரும்பக் குடிவந்திட்டாங்க, வேற எங்க போவாங்க? இந்தப் பழசையே இன்னொரு தடவ காட்ட முடியுமா? ஒங்களுக்குப் பயமா இருக்கா?”

“ஆமா மிஸ்.”

“எனக்குந்தான்,” என்றார். “பயந்துகிட்டே எழுதுங்க.”

அப்படியே எழுதினேன். இரண்டு நாளில் பழைய பதிப்பு திரும்பி வந்தது. எச்சரிக்கையைப் புதியதிலும் சேர்த்துக்கொடுத்தார்கள். எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது, பதவி உயர்வுப் பட்டியலில் இருந்து பேரும் போயிற்று. அது நியாயம். மிஸ்ஸிடம் விளக்கம் கேட்டார்கள். பொய்யான தகவலைக் காட்டித் தொழிலாளரை வேலை நாளில் அப்புறப்படுத்தினார் என்று ஒரு பெரிய மனிதர் எழுதியிருந்தார். அந்தச் சனம் மண்ணுக்குள் போயிருந்தால் அவர் என்ன எழுதியிருப்பார் என்று கேட்க எனக்கு வாய் துடித்தது, கேட்கவில்லை. தை மாதத்தில் மிஸ்ஸை மொனராகலைப் பக்கம் கம்பனியின் ரப்பர்த் தோட்டத்துக்கு மாற்றினார்கள். மலையும் இல்லை, லயத்துக்குப் பின்னால் சரிவும் இல்லை, நிம்மதியாக இருப்பேன் என்று சிரித்தார். போகும் வழியில் பதுளையில் பஸ் மாறும்போது இந்தப் போனை என் கையில் கொடுத்தார். “புதுசு ஒண்ணு வாங்கிட்டேன். இத வச்சுக்கங்க. சுத்தம் பண்றேன்னு உள்ள இருக்கிறத அழிச்சிடாதீங்க.”

இப்போதும் நான் அதே வேலையில்தான் இருக்கிறேன். பழைய பதிப்புகளை இப்போதும் அழிக்கத்தான் வேண்டியிருக்கிறது. ஆனால் எங்கள் பிராந்தியத்துக்கு மட்டும் விதி வேறு: ஓர் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியைத் தாண்டாத எதையும் பழையது என்று சொல்லக் கூடாது. கொழும்பு அதை ஒரு வருடம் என்று மாற்றி எழுதிக்கொண்டது, பரவாயில்லை. ஒவ்வொரு தடவையும் ‘நிச்சயமாக நீக்கவா?’ என்று பெட்டி கேட்கும்போது என் விரல் நிற்கிறது. தோட்டத்துக்குப் போன் பண்ணி, கேட்க வேண்டியதைக் கேட்டு, இதுகூடத் தெரியாதா என்று அவர்கள் நினைத்தாலும் நினைக்கட்டும் என்று விட்டுவிட்டுத்தான் அழுத்துகிறேன். மழைச் செய்தி போகும் எண்களின் வரிசையில் என் எண்ணையும் சேர்த்து வைத்திருக்கிறேன். முன்வரிசை வீடுகளில் இன்னமும் ஆட்கள் இருக்கிறார்கள். மாற்று வீடு இன்னமும் வரவில்லை.

இன்று காலை பதுளையில் நல்ல மழை. குடையை மடக்கிக்கொண்டு அலுவலகப் படியேறும்போது சட்டைப்பையில் என் போன் அதிர்ந்தது. எடுத்தேன். அதே வாசகம்: மழை எல்லை தாண்டியது. ஈரக் கையில் போன் வழுக்காமல் இருக்க நான் அழுத்திப் பிடித்திருந்ததில் என் பெருவிரல் மேல் மூலையில் இருந்தது. அதை எடுக்க ஒரு கணம் பயமாக இருந்தது. எடுத்தேன். இன்றைய தேதி.

உடனே தோட்டத்துக்குப் போன் பண்ணினேன். புதிதாக வந்திருக்கும் நலன்புரி அதிகாரி எடுத்தார், பின்னால் பிள்ளைகள் அழும் சத்தமும் பாத்திரச் சத்தமும். “காட்டிட்டேன் சார், தலைவரு வாசிச்சிட்டாரு. எல்லாரும் கெளம்பிட்டாங்க,” என்றார். தேதியையும் காட்டினீர்களா என்று கேட்டேன். “தேதியா? எதுக்கு சார்?” என்றார் அவர்.